3.1 சதவீதம்: ஒரு சின்னக் கல்லும் பெரியப்பாவோட ரெண்டு கேள்வியும்

2025 பிப்ரவரி. எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பெரியப்பா ஒரு வீடியோ அனுப்பினார். தீப்பிடிச்சு எரியுற பெரிய பாறை, பின்னாடி பயமுறுத்துற மியூசிக், "2032 டிசம்பர் 22, பூமிக்கு நாள் குறிச்சாச்சு"ன்னு தலைப்பு. வழக்கமா இந்த மாதிரி வீடியோ வந்தா நான் பார்க்காமலே கடந்து போயிடுவேன். ஆனா அன்னைக்கு சாயங்காலம் பெரியப்பா போனே பண்ணிட்டார். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, இது உண்மையா பொய்யா சொல்லு."

பொய்னு சொல்றதுக்காகத்தான் தேடினேன். நாசாவோட பக்கத்துலயே இருந்தது: 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு 3.1 சதவீதம். அதாவது 32-ல் ஒன்று. இந்த அளவோ இதைவிடப் பெரிதோ உள்ள எந்தக் கல்லுக்கும் நாசா இதுவரை பதிவு செய்ததிலேயே அதிகமான எண் அது. பெரியப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம, "பார்த்துச் சொல்றேன்"னு வச்சுட்டேன்.

அடுத்த நாள் அந்த எண் 1.5 ஆச்சு. அதுக்கடுத்த நாள் 0.28. பிப்ரவரி 24-ம் தேதி 0.004. விஷயம் முடிஞ்சது. பெரியப்பா மறுபடி போன். "அப்ப முதல்ல சொன்னது பொய்தானே? சும்மா பயமுறுத்தியிருக்காங்க."

முதல் கேள்வியைவிட இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்றது எனக்குக் கஷ்டமா இருந்தது. ஏன்னா 3.1-உம் பொய் இல்ல, 0.004-உம் பொய் இல்ல. ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்? அதைப் புரிஞ்சுக்க நான் படிச்சதுதான் இந்தக் கட்டுரை. கணக்கு இருக்கும், ஆனா பன்னிரண்டாம் வகுப்பு தாண்டாது.

கல் யாரு, எங்கிருந்து வந்தது?

2024 டிசம்பர் 27. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், ரியோ ஹுர்டாடோ என்ற இடத்தில் இருக்கும் அட்லஸ் டெலஸ்கோப் ஒரு நகரும் புள்ளியைப் பிடித்தது. பூமிக்கு ஆபத்தான கற்களைத் தேடுவதுதான் அட்லஸுக்கு வேலை. சிலியைத் தவிர ஹவாயிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு டெலஸ்கோப்கள் இருக்கு.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் கல் பூமிக்கு மிக அருகில் வந்தது டிசம்பர் 25 அன்று. சுமார் 8.3 லட்சம் கி.மீ தூரத்தில், அதாவது நிலாவைப் போல ரெண்டு மடங்குக்கும் கொஞ்சம் அதிகமான தூரத்தில் கடந்து போயிருக்கு. நாம பார்த்தது அது போய் ரெண்டு நாள் கழிச்சு. காரணம், அது வந்தது பகல் பக்கமாக, சூரியன் இருக்கிற திசையிலிருந்து. பகல் வெளிச்சத்தில் தரையில் இருக்கும் எந்த டெலஸ்கோப்புக்கும் அது தெரியாது. வரும்போது தெரியாம, போகும்போது முதுகைத்தான் பார்த்தோம். இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம். அது ரோல் நம்பர் மாதிரிதான். 2024 என்பது வருஷம். வருஷத்தை அரை அரை மாசமா 24 துண்டாக்கி ஏ-யிலிருந்து ஒய் வரைக்கும் எழுத்து கொடுப்பாங்க. ஐ மட்டும் கிடையாது. ஒய் என்றால் டிசம்பர் 16 முதல் 31 வரை. அந்த அரை மாசத்தில் எத்தனையாவது கல் என்பதை ஆர்4 சொல்லுது. ஐ-யை விட்டுட்டு எண்ணினா ஆர் 17-வது எழுத்து. 25 எழுத்து கொண்ட சுற்று நாலு முறை முடிஞ்சுட்டது. 4 x 25 + 17 = 117. ஆக, 2024 டிசம்பர் கடைசி அரை மாசத்தின் 117-வது கல். பதினஞ்சு நாளைக்குள்ள நூறு கல்லுக்கு மேல பட்டியலில் சேருதுன்னா, வானத்தில் எவ்வளவு நடமாட்டம்னு பார்த்துக்கோங்க.

அளவு? முதலில் 40 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம்னு சொன்னாங்க. இவ்வளவு பெரிய இடைவெளி ஏன்னா, டெலஸ்கோப்புக்குத் தெரிவது கல்லின் வெளிச்சம் மட்டும்தான். வெள்ளையான சின்னக் கல்லும், கரிய பெரிய கல்லும் ஒரே மாதிரி மின்னும். 2025 மார்ச்சில் ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் அந்தக் கல்லின் வெப்பத்தை அளந்தது. வெப்பத்தை வைத்து அளந்தால் நிறம் ஏமாற்றாது. கிடைத்த விடை சுமார் 60 மீட்டர். நம்ம ஊர் அபார்ட்மெண்ட் கணக்கில் ஏறக்குறைய 15 மாடி.

ஆளில்லா லெவல் கிராசிங்

பூமி சூரியனிலிருந்து 15 கோடி கி.மீ தூரத்தில், கிட்டத்தட்ட வட்டமான பாதையில் சுத்துது. 2024 ஒய்ஆர்4-இன் பாதை நீளமான முட்டை வடிவம். சூரியனுக்கு அருகில் வரும்போது சுமார் 12.7 கோடி கி.மீ, தள்ளிப் போகும்போது சுமார் 62.5 கோடி கி.மீ. அதாவது பூமியின் பாதைக்கு உள்ளே நுழைந்து, செவ்வாயைத் தாண்டி, சிறுகோள் பட்டையையும் தாண்டி, வியாழனின் பாதைக்குக் கொஞ்சம் முன்னாடி வரை போயிட்டுத் திரும்பி வரும். ஒரு சுத்துக்குக் கிட்டத்தட்ட 4 வருஷம். பூமியின் பாதைக்கு இதன் பாதை சுமார் 3.4 டிகிரிதான் சாய்ந்திருக்கு. ஏறக்குறைய ஒரே தளம்.

ரெண்டு பாதையும் ஓரிடத்தில் கிட்டத்தட்ட வெட்டிக்குது. ஆனா பாதை வெட்டிக்கிறது வேற, மோதல் வேற. ஒரு ஆளில்லா லெவல் கிராசிங்கை நினைச்சுக்கோங்க. தண்டவாளமும் ரோடும் எப்பவும் அங்கேதான் வெட்டிக்குது. தினமும் விபத்து நடக்குறதில்ல. ரயிலும் பஸ்ஸும் ஒரே நேரத்தில் அங்கே வந்தால்தான் விபத்து.

இங்கே பூமிதான் ரயில். அதன் நீளம், அதாவது விட்டம், சுமார் 12,700 கி.மீ. வேகம் நொடிக்கு சுமார் 30 கி.மீ. வகுத்துப் பாருங்க: 12,700 / 30 = 423 நொடி. சுமார் 7 நிமிஷம். வருஷத்துக்கு ஒரு முறை, டிசம்பர் கடைசியில், பூமி என்ற ரயில் அந்த கேட்டை 7 நிமிஷத்தில் கடந்து போயிடுது. கல் என்ற பஸ் நாலு வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கம் வருது. மோதணும்னா இந்த 7 நிமிஷத்துக்குள்ள அது வந்து சேரணும்.

கல்லின் சுற்றுக்காலம் கிட்டத்தட்ட முழுசா 4 வருஷம் என்பதால்தான் சிக்கல். நாலு வருஷத்துக்கு ஒரு முறை அது திரும்பி வரும்போதெல்லாம் டிசம்பர் மாசமாவே இருக்கும், ரயிலும் பக்கத்திலேயே இருக்கும். 2024-ல் தள்ளிப் போச்சு. 2028 டிசம்பர் 17 அன்று மறுபடி வரும், அப்போ தூரம் சுமார் 80 லட்சம் கி.மீ, கவலையே இல்ல. அதுக்கடுத்த வருகைதான் 2032 டிசம்பர் 22.

கேள்வி இதுதான்: எட்டு வருஷம் கழிச்சு, ரெண்டு சுத்து முடிச்சு வரும் ஒரு பஸ், குறிப்பிட்ட 7 நிமிஷத்துக்குள்ள கேட்டுக்கு வருமா வராதா என்பதை, சில வாரம் மட்டும் பார்த்துட்டு எப்படிச் சொல்றது?

நமக்கு போரடிச்ச பாடம்தான்

ஒரு டெலஸ்கோப் படத்திலிருந்து கிடைப்பது ரெண்டே எண்கள். கல் வானத்தில் எந்தத் திசையில் இருக்கு என்பதைச் சொல்லும் ரெண்டு கோணம். எவ்வளவு தூரத்தில் இருக்கு என்பது படத்தில் தெரியாது. அடுத்தடுத்த இரவுகளில் எடுத்த பல படங்களை வைத்து, எந்த முட்டை வடிவப் பாதையில் ஒரு கல் போனால் இந்தக் கோணங்கள் எல்லாம் கிடைக்கும்னு பின்னோக்கிக் கண்டுபிடிக்கணும்.

இது 200 வருஷத்துக்கும் பழைய கணக்கு. 1801 ஜனவரி 1 அன்று பலெர்மோ நகரத்தில் பியாட்சி என்பவர் சீரிஸைக் கண்டுபிடிச்சார். ஆறு வாரம் பார்த்ததுக்குள்ள அது சூரியனுக்குப் பின்னாடி போய் மறைஞ்சது. எங்கே மறுபடி வரும்னு யாருக்கும் தெரியல. 24 வயசு காஸ் அந்தக் கொஞ்ச டேட்டாவை வச்சு பாதையைக் கணக்கிட்டுச் சொன்னார். அந்த வருஷக் கடைசியில், அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே சீரிஸ் கிடைச்சது. புள்ளிகளுக்கு நடுவில் மிகப் பொருத்தமான கோட்டை வரையும் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையை காஸ் 1809-ல் தன் புத்தகத்தில் வெளியிட்டார். ஆமாம், நாம நியூமரிக்கல் மெத்தட்ஸில் பார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு எழுதினோமே, அதேதான். இன்னைக்கு சிறுகோள் பாதைகளைக் கணக்கிடுவதும் அந்த அடிப்படையில்தான்.

லேபில் ஒரு எக்ஸ்பெரிமெண்ட் பண்ணினா விடையோட எரரும் எழுதணும்னு சார் சொல்வாரே, இங்கே அந்த எரர்தான் முழுக் கதையும். ஒவ்வொரு படத்திலும் புள்ளி எங்கே இருக்கு என்பதில் ஒரு துளி தவறு இருக்கும். அந்தத் துளி, பாதையில் ஒரு துளி தவறாகும். அதுவும் பார்த்தது எவ்வளவு நாள்? டிசம்பர் 27-லிருந்து பிப்ரவரி 18 வரை 53 நாள். முழுச் சுத்துக்கு ஆகும் நேரத்தில் 4 சதவீதம்கூட இல்ல.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கல்லின் சுற்றுக்காலத்தை நாம 1 மணி நேரம் தப்பா கணிச்சிருக்கோம்னு வச்சுக்கோங்க. 4 வருஷத்தில் 1 மணி நேரம் என்பது ரொம்ப நல்ல கணிப்புதான். ரெண்டு சுத்து முடிஞ்சா 2 மணி நேரத் தவறு. அந்த 2 மணி நேரத்தில் பூமி 2.16 லட்சம் கி.மீ நகர்ந்திருக்கும். நிலா இருக்கும் தூரத்தில் பாதிக்கும் மேல! சின்னத் தவறு எட்டு வருஷத்தில் எவ்வளவு பெரிய பட்டையா நீளுதுன்னு புரியுதா?

ஏறி ஏறி, திடீர்னு இறங்குவது ஏன்?

இப்போ முக்கியமான இடம். 2032 டிசம்பர் 22 அன்று கல் எங்கே இருக்கும்னு கேட்டால், விஞ்ஞானிகளிடம் ஒரு புள்ளி இல்ல. நீளமான ஒரு பட்டைதான் இருக்கு. அந்தப் பட்டைக்குள்ள எங்கேயோ ஓரிடத்தில் கல் இருக்கும். பூமியும் அந்தப் பட்டைக்குள்ள ஓரிடத்தில் நிக்குது.

எளிமைக்காக, பட்டையில் எல்லா இடத்துக்கும் சம வாய்ப்புன்னு வச்சுக்கலாம். நிஜத்தில் நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. ஆனா கருத்து மாறாது. பூமியின் அகலத்தை 13,000 கி.மீ-ன்னு வைப்போம். இந்த எண்கள் என் உதாரணத்துக்கு மட்டும்.

பட்டையின் நீளம் 13 லட்சம் கி.மீ என்றால், பூமி அதில் நூறில் ஒரு பங்கு. வாய்ப்பு 1 சதவீதம்.

இன்னும் சில இரவுகள் பார்த்தாச்சு. பட்டை 6.5 லட்சமா சுருங்குது. பூமி இன்னும் உள்ளேதான் இருக்கு. ஆனா பூமி சுருங்கலையே! வாய்ப்பு 2 சதவீதம்.

மறுபடி சுருங்கி 4.3 லட்சம் ஆகுது. பூமி இன்னும் உள்ளேதான், ஆனா இப்போ ஓரத்துக்கு வந்துட்டது. வாய்ப்பு 3 சதவீதம்.

அடுத்த முறை சுருங்கும்போது பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டி உள்ளே போயிடுது. பூமி வெளியே. வாய்ப்பு பூஜ்யம்.

கவனிச்சீங்களா? கல் ஒரு மில்லிமீட்டர்கூட பாதை மாறலை. டேட்டா ஒவ்வொரு முறையும் நல்லாத்தான் ஆச்சு. ஆனா எண் மட்டும் 1, 2, 3 என்று ஏறி, திடீர்னு 0 ஆச்சு. 2025-ல் நடந்ததும் இதேதான். ஜனவரி 27 அன்று 1 சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி முதல் வாரத்தில் 2-ஐத் தாண்டியது. நடுவில் பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கலான கல்லைச் சரியா பார்க்க முடியலை. நிலா விலகியதும் புது டேட்டா வந்தது. பிப்ரவரி 18-ல் 3.1, 19-ல் 1.5, 20-ல் 0.28.

நமக்குப் பழகின புயல் மேப்போட ஒப்பிட்டுப் பார்க்கலாம். வங்காள விரிகுடாவில் புயல் உருவானா, வானிலை மையம் ஒரு கூம்பு போட்டுக் காட்டும். நாமும் நாளைக்கு லீவு உண்டான்னு அதையே உத்துப் பார்த்துட்டு இருப்போம். நாள் போகப் போக கூம்பு ஒடுங்கும். அதுவரைக்கும் இது மாதிரியேதான். ஒரு வித்தியாசம் இருக்கு. புயல் நடுவழியில் நிஜமாவே திசை மாறும். கல் மாறாது. 2024 டிசம்பரில் நாம பார்த்த அன்னைக்கே, 2032-ல் அது எங்கே இருக்கும்னு கிட்டத்தட்ட முடிவாயிட்டது. தெரியாதது நமக்கு மட்டும்தான். ஆக 3.1 சதவீதம் என்பது கல்லைப் பற்றிய எண் இல்ல. கல்லைப் பற்றி நமக்கு அன்னைக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பற்றிய எண்.

"அப்ப எப்பவும் இப்படித்தான் இறங்கிடும், கண்டுக்க வேண்டாம்"னு நினைச்சா அதுவும் தப்பு. 1 சதவீதம்னு சொல்லப்பட்ட கற்கள் 1,000 இருந்தா, அதில் 990 மோதாது, 10 மோதும். அந்தப் பத்தும் இதே மாதிரி 1, 2, 3-ன்னுதான் ஆரம்பிக்கும். அப்புறம் 10, 50, 100. மீதி 990-ல் நிறைய கற்களும் கொஞ்ச தூரம் கூடவே ஏறிட்டுத்தான் இறங்கும். 3 சதவீதத்தில் நிக்கும்போது எது எந்த வகைன்னு பிரிக்க யாராலும் முடியாது. பிரிக்க முடிஞ்சா அது 3 சதவீதமாவே இருக்காது.

60 மீட்டர் கல்லுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

விழுந்தா என்ன ஆகும்னு நாமே கணக்குப் போடலாம். 60 மீட்டர் விட்டமுள்ள கோளம், சாதாரணப் பாறையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2,600 கிலோன்னு வச்சா, நிறை கிட்டத்தட்ட 3 லட்சம் டன். வேகம் நொடிக்கு சுமார் 17 கி.மீ. அரை எம்வி ஸ்கொயர் போட்டா சுமார் 10 மெகாடன் டிஎன்டி வருது. ஹிரோஷிமா குண்டு சுமார் 15 கிலோடன். அதைப் போல 600 மடங்குக்கும் மேல.

டைனோசர் கதை இல்ல இது. உலகம் அழியாது, வீடியோவில் காட்டினது பொய். ஆனா ஒரு நகரம் காணாமப் போகலாம். 1908 ஜூன் 30 அன்று சைபீரியாவின் துங்குஸ்காவில் ஏறக்குறைய இதே அளவுள்ள ஒரு பொருள் வானத்திலேயே வெடிச்சு, 2,000 சதுர கி.மீ-க்கும் அதிகமான காட்டைச் சாய்ச்சது. அங்கே மக்கள் ரொம்பக் குறைவா இருந்ததால் பெரிய உயிர்ச்சேதம் இல்ல.

2032-ல் விழுந்தா எங்கே விழும் என்பதற்கும் ஒரு பட்டை இருந்தது. கிழக்கு பசிபிக்கில் ஆரம்பிச்சு, தென் அமெரிக்காவின் வடக்கு, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக் கடல், கடைசியில் தெற்காசியா. கடைசிப் பேரைக் கவனிங்க. பெரியப்பா கேட்ட கேள்வி வெளிநாட்டு விஷயம் இல்ல.

அதனால்தான் 2025 ஜனவரி 29 அன்று சர்வதேச சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு அதிகாரபூர்வ அறிவிப்பு கொடுத்தது. 10 மீட்டருக்குப் பெரிய கல்லுக்கு வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டினா அறிவிக்கணும் என்பது முன்னாடியே போட்டு வச்ச விதி. பூஜ்யத்திலிருந்து பத்து வரை போகும் டொரினோ அளவுகோலில் அதற்கு 3 கொடுத்தாங்க. பயமுறுத்தறதுக்காக யாரும் சொல்லலை. விதிப்படி சொன்னாங்க. மறைச்சிருந்தாத்தான் தப்பு.

சீக்கிரம் தெரிஞ்சா என்ன லாபம்? லெவல் கிராசிங்கை மறுபடி நினைச்சுக்கோங்க. கல்லை உடைக்க வேண்டாம். சில நிமிஷம் லேட்டாக்கினா போதும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி கல்லின் வேகத்தை நொடிக்கு 1 சென்டிமீட்டர் மாத்தினா, நேர்கோட்டுக் கணக்கிலேயே 2,500 கி.மீ தள்ளிப் போகும். வேகம் மாறினா சுற்றுக்காலமும் மாறும் என்பதால், ஆர்பிட்டில் அது தோராயமா மூணு மடங்கு, 7,500 கி.மீ. பூமியின் ஆரம் சுமார் 6,400 கி.மீ. எறும்பு வேகத்தில் ஒரு தள்ளு, தப்பிச்சாச்சு. இதையே ஒரு வாரம் முன்னாடி பண்ணினா பிரயோஜனமே இல்ல. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், பூமிக்கு எந்த ஆபத்தும் இல்லாத டைமார்ஃபஸ் என்ற கல்லில் வேணும்னே மோதி, அது தன் பெரிய துணைக் கல்லைச் சுத்தும் நேரத்தை சுமார் 33 நிமிஷம் குறைச்சுக் காட்டியது. தள்ள முடியும் என்பது நிரூபணமாயிட்டது. மீதி எல்லாம், எவ்வளவு சீக்கிரம் பார்க்கிறோம் என்பதில்தான் இருக்கு.

யாரும் கவனிக்காத இன்னொரு டிசம்பர்

இதே நாடகம் முன்னாடியும் ஒரு முறை நடந்திருக்கு. நம்ம பேட்ச்சில் நிறைய பேர் பிறந்த வருஷத்தில்.

2004 ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டு, கைநழுவிப் போய், டிசம்பரில் மறுபடி சிக்கிய ஒரு கல். இப்போ அதன் பேர் அபோஃபிஸ். அளவு 300 மீட்டருக்கும் மேல. 2029 ஏப்ரல் 13 அன்று பூமியில் மோத வாய்ப்பு இருக்குன்னு சொன்னாங்க. எண் நாளுக்கு நாள் ஏறுச்சு. டிசம்பர் 27 அன்று 2.7 சதவீதம், 37-ல் ஒன்று. டொரினோ அளவுகோலில் 4. இன்று வரை எந்தக் கல்லும் தொடாத உயரம் அது.

தேதியைப் பார்த்தீங்களா? அதுக்கு முந்தின நாள் டிசம்பர் 26. சுனாமி. நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரை நம்ம கரை முழுக்க பிணங்களைத் தேடிட்டு இருந்த நேரம். உலகத்தில் எந்த டிவியும் 2029-ஐப் பற்றிப் பேசுற நிலைமையில் இல்ல. அந்த 27-ம் தேதியே ஒரு பழைய படம் கிடைச்சது. அதே வருஷம் மார்ச் மாசம் எடுத்து, யாரும் கவனிக்காம ஆர்க்கைவில் கிடந்த படம். அதில் அந்தக் கல் இருந்தது. ஒன்பது மாச டேட்டா சேர்ந்ததும் பட்டை சுருங்கி, பூமி வெளியே வந்துட்டது.

இப்போ அபோஃபிஸ் 2029-ல் பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ உயரத்தில் கடந்து போகும். நம்ம டிவி சாட்டிலைட்கள் சுத்துற உயரத்தைவிடக் கீழே! மோதாது. நம்ம நேரப்படி அது ஏப்ரல் 14 அதிகாலை 3.15 மணி வாக்கில். சித்திரை முதல் நாள்.

இந்த ரெண்டு தேதியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நினைச்சா எனக்கு ஒரு மாதிரி ஆகுது. 25 வருஷம் கழிச்சு வரலாம்னு ஒரு ஆபத்து, அதைக் கண்காணிக்க டெலஸ்கோப் இருந்தது, ஆளும் இருந்தாங்க. அதே வாரத்தில் கடலுக்கு அடியில் பூகம்பம் வந்து நம்ம கரைக்கு அலை வந்து சேர ரெண்டு மணி நேரத்துக்கும் மேல ஆச்சு. ஆனா இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல். ஆபத்து எவ்வளவு பெருசு என்பதைவிட, யாராவது பார்த்துட்டு இருக்காங்களா என்பதுதான் வித்தியாசம்.

இன்னும் பார்க்காத பக்கம்

ஆரம்பத்தில் மனசுல வச்சுக்கச் சொன்ன விஷயத்துக்கு வரேன்: சூரியன் பக்கமா வரும் கற்கள். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல சுமார் 20 மீட்டர் கல் ஒண்ணு வெடிச்சது. அதுவும் சூரியன் திசையிலிருந்துதான் வந்தது. யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் உடைஞ்ச ஜன்னல் கண்ணாடியால். வானத்தில் வெளிச்சம் தெரிஞ்சதும் என்னன்னு பார்க்க ஜன்னலுக்கு வந்து நின்னவங்க நிறைய. ஒளி உடனே வரும், அதிர்வலை ஒண்ணு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் வரும். இந்தக் கட்டுரையில் நடைமுறைக்கு உதவுற ஒரே அறிவுரை இதுதான்: வானத்தில் எப்பவாவது பெரிய வெளிச்சம் பார்த்தா ஜன்னல்கிட்ட போகாதீங்க. போனையும் எடுக்காதீங்க.

இந்தக் குருட்டுப் பக்கத்தைக் கொஞ்சமாவது பார்க்கத்தான் நியோ சர்வேயர் என்ற விண்வெளி டெலஸ்கோப்பை நாசா தயாரிச்சுட்டு இருக்கு. தரையிலிருந்து இல்லாம, விண்வெளியிலிருந்து, கற்களின் வெப்பத்தை வைத்துத் தேடும்.

நம்ம கல்லுக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. பூமி தப்பிச்சாலும், 2025-ல் அதே பட்டையில் நிலா நின்னுச்சு. 2032-ல் கல் நிலாவில் மோத வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 1.7 சதவீதம், ஏப்ரலில் 3.8, ஜூனில் 4.3.  "ஐயோ ஏறுதே"ன்னு தோணினா மேலே போய் பட்டைக் கணக்கை இன்னொரு தடவை படிங்க.

பெரியப்பாகிட்ட சொன்னது

கடைசியா பெரியப்பாவுக்கு போன் பண்ணினேன். அவர் ஊரில் மளிகைக் கடை வச்சிருந்தவர். அதனால இப்படிச் சொன்னேன்: "பெரியப்பா, கடையில கல்லாப் பணம் எண்ணுறீங்க. பாதி எண்ணும்போதே நூறு ரூபா குறையுற மாதிரி தெரியுது. உடனே என்ன பண்ணுவீங்க?"

"முழுசா எண்ணிப் பார்ப்பேன்."

"எண்ணி முடிச்சதும் சரியா இருந்துச்சுன்னா, முதல்ல சந்தேகப்பட்டது பொய்யா?"

கொஞ்ச நேரம் பேசலை. "சந்தேகம் வந்ததாலதானே எண்ணினேன்" என்றார்.

அவ்வளவுதான். 3.1 என்று சொன்னதால்தான் உலகத்தின் பெரிய டெலஸ்கோப்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பின. திரும்பினதால்தான் 0.004 கிடைச்சது. அடுத்த கல்லுக்கும் எண் ஏறும், வீடியோ வரும், குரூப்பில் ஃபார்வர்ட் ஆகும். அப்போ உங்க வீட்டுல யாராவது உண்மையா பொய்யான்னு கேட்டா, "இன்னும் எண்ணிட்டு இருக்காங்க"ன்னு சொல்லுங்க. எண்ணி முடிச்சு எண் இறங்கினதும் மறக்காம அதையும் போய்ச் சொல்லிடுங்க. ரெண்டாவது போனை நாம பண்ணாததாலதான் முதல் எச்சரிக்கையை அடுத்த முறை யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.